காக்பிட்டில் காகிதம் போய் டேப்லெட் வந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விமான நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் அலுவலகத்தில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதி நிஜமாகவே காகிதக் குப்பை. அது தெரிந்தவர்கள் முதலில் டிக்கெட் விலையைக் கேட்பார்கள். அடுத்தது, "பைலட் எதுக்குங்க ஐபேட் வச்சிருக்காரு?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்விகளையும் அவற்றிலிருந்து கிளைத்தவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முன்பெல்லாம் விமானிகள் கறுப்பாக ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு போவார்களே, அதில் என்ன இருந்தது?

பெரும்பாலும் காகிதம். துணிமணி வைத்த சூட்கேஸ் வேறு, இது வேறு. விமான நிலைய வரைபடங்கள், விமானத்தின் கையேடுகள், எடைக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப வேகத்தைத் தேடிப் பார்க்கும் அட்டவணைகள், நிறுவன விதிமுறைகள் எல்லாம் அதற்குள் இருக்கும்.

வரைபடம் என்றால் ஊருக்கு ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 07/25, 12/30 என்று இரண்டு ஓடுபாதைகள், அதாவது நான்கு முனைகள். இறங்கும் முறைக்கு ஒரு தாள், புறப்படும் பாதைக்கு ஒரு தாள், ஓடுபாதைக்குப் போகவும் வரவும் விமானம் உருளும் வழியான டாக்ஸிவே தரையில் எங்கே திரும்புகிறது என்பதற்கு ஒரு தாள், எந்த நிறுத்துமிடம் எங்கே என்பதற்கு இன்னொன்று. போகிற ஊருக்கு மட்டும் இருந்தால் போதாது. அங்கே இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று ஊர், நடுவழியில் அவசரமாக இறங்கக்கூடிய ஊர் என்று எல்லாவற்றுக்கும் வேண்டும். 2011-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் சொன்ன கணக்கின்படி ஒரு விமானியின் பங்கு சராசரியாக 12,000 தாள். மொத்தம் 38 பவுண்டு, நம் கணக்கில் 17 கிலோ. அரிசி மூட்டை மாதிரி.

இந்த வரைபடத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் எல்ரே ஜெப்பசன். 1930-களில் அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டியவர். 10 சென்ட் கொடுத்து ஒரு கறுப்பு நோட்டு வாங்கி, எந்த ஊரில் எந்த மேடு எவ்வளவு உயரம், இறங்குகிற வயல் எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொண்டார். மற்ற விமானிகள் நகல் கேட்டார்கள். 1934-ல் அதையே தொழிலாக்கிவிட்டார். இன்றைக்கும் விமானிகள் வரைபடத்தை 'ஜெப்' என்றுதான் செல்லமாகச் சொல்வார்கள்.

அந்தக் காகிதங்களை யார் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள்?

என்னைப் போன்றவர்கள். பல இடங்களில் விமானிகளே செய்துகொண்டார்கள்.

வான்வழித் தகவல்கள் உலகம் முழுக்க 28 நாளுக்கு ஒரு முறை, ஒரே தேதியில் மாறும். ஒரு ரேடியோ அலைவரிசை மாறும், எங்கேயோ ஒரு கிரேன் எழும்பியிருக்கும், டாக்ஸிவேக்குப் புதுப் பெயர் வைத்திருப்பார்கள். திருத்தத் தாள்கள் உறையில் வரும். பைண்டருக்கு ஏழு வளையம், தாள் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. உறையோடு ஒரு குறிப்புத் தாள் இருக்கும்: இந்தப் பக்கத்தை எடு, இதை வை, அதைக் கிழித்துப் போடு. அதன்படி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். வளையத்தை அவசரமாக மூடினால் நாலு தாளின் ஓட்டை கிழியும். கடைசியில் முதல் பக்கத்துப் பட்டியலில் தேதி போட்டுக் கையெழுத்து.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கக் கலக்கத்தில் புதுத் தாளைக் கிழித்துவிட்டுப் பழசை உள்ளே வைத்துவிட்டேன். மறுநாள் வந்த மூத்த கேப்டன் ஒருவர் பக்கத்தின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ரன்வேயில போன மாசத்துலயா இறங்கப் போறோம்?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டேப்லெட் வந்ததும் இந்த வேலை முழுசாகக் காணாமல் போனது. வைஃபையில் போட்டால் தானாக இறங்கிவிடுகிறது.

இதையெல்லாம் ஐபேடுதான் தொடங்கி வைத்ததா?

இல்லை, அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1990-களின் தொடக்கத்திலேயே ஃபெட்எக்ஸ் விமானிகள் சிலர் லேப்டாப்பில் புறப்பாட்டுக் கணக்குப் போட்டார்கள். விமானியின் பெட்டி முழுவதையும் ஒரு கருவிக்குள் அடக்கலாம் என்று 1999-ல் காப்புரிமை வாங்கியவர் ஏஞ்சலா மாசன், அவரும் விமானிதான். அப்புறம் விமானத்திலேயே பொருத்திய திரைகள் வந்தன. போயிங் 787, கேப்டன் பக்கம் ஒன்று, துணை விமானி பக்கம் ஒன்று என்று பிறக்கும்போதே திரையோடு பிறக்கிறது. இந்த வகைக் கருவிக்குத் துறையில் 'எலக்ட்ரானிக் ஃபிளைட் பேக்' என்று பெயர். யாரும் முழுசாகச் சொல்வதில்லை, இஎஃப்பி என்பார்கள்.

ஐபேட் செய்தது, விலையைக் கீழே இறக்கியது. விமானத்தில் பொருத்தும் திரை என்றால் சான்றிதழ், வயரிங் என்று பெரும் செலவு. 2010-ல் ஐபேட் வந்தது. 2011 பிப்ரவரியிலேயே எக்ஸிக்யூட்டிவ் ஜெட் மேனேஜ்மென்ட் என்ற தனியார் ஜெட் நிறுவனம், காகித வரைபடத்துக்குப் பதிலாக அதைப் பயன்படுத்த அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவிடம் அனுமதி வாங்கிவிட்டது. அதே வருடம் அலாஸ்கா ஏர்லைன்ஸ், யுனைடெட். 2013 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் எல்லா விமானங்களிலும் மாற்றி முடித்தது.

நாம் கடையில் வாங்குகிற அதே ஐபேடா?

அதேதான், ஆனால் சும்மா எடுத்துப் போக முடியாது. கேபினில் காற்றழுத்தம் திடீரென்று இறங்கினால் திரை வெடிக்குமா, அணையுமா என்று அறையில் அடைத்துச் சோதிக்கிறார்கள். முதல் அனுமதிக்கு 51,000 அடி உயரத்தின் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். விமானத்தின் கருவிகளோடு மின்காந்தக் குறுக்கீடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கே, எதில் மாட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டு விமானிகளுக்கும் தனித்தனிக் கருவி. புறப்படும்போது குறைந்தபட்சம் இவ்வளவு சார்ஜ் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் எழுதி வைத்திருக்கும்.

ஒரு சின்ன விஷயம். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால் சில கோணங்களில் திரை கறுப்பாகிவிடும். புது விமானிகள் முதல் நாள் பதறுவது இதற்குத்தான்.

17 கிலோ குறைந்தால் விமானத்துக்கு என்ன பெரிய லாபம்?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வருடத்துக்கு 4,00,000 கேலன் எரிபொருள் மிச்சம் என்று சொன்னது. சுமார் 15 லட்சம் லிட்டர். அன்றைய விலையில் 12 லட்சம் டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிறுவனம் மொத்தமாக எரிப்பதோடு வைத்துப் பார்த்தால் கடலில் கரைத்த பெருங்காயம். பத்திரிகைக் குறிப்புக்கு எரிபொருள் கணக்கு அழகு. நிஜமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: விமானிகளின் தோளும் இடுப்பும் பிழைத்தன, பழைய தாள் உள்ளே போகும் அபாயம் போனது, கணக்கு துல்லியமானது.

கணக்கு என்றால் என்ன கணக்கு?

புறப்படும் முன் விமானிகள் டேப்லெட்டில் தட்டுவதைப் பார்த்தால் வாட்ஸ்அப் பார்க்கிறார்களோ என்று தோன்றும். உண்மையில் நடப்பது இது.

விமான நிலையம், எந்த ஓடுபாதை, அதில் எந்தச் சந்திப்பிலிருந்து கிளம்புகிறோம், காற்று எந்தத் திசை, எத்தனை நாட், வெப்பநிலை, காற்றழுத்தம், பாதை ஈரமா உலர்வா, இறக்கையின் பின்னால் இறங்கும் மடிப்பான ஃபிளாப் எவ்வளவு, ஏசி ஓடுகிறதா, கடைசியாக விமானத்தின் எடை. இத்தனையும் கொடுத்தால் மூன்று வேகங்கள் வரும். வி1: இதற்கு மேல் போனால் ஓடுபாதைக்குள் நிறுத்த முடியாது, கிளம்பியே ஆக வேண்டும். விஆர்: மூக்கைத் தூக்கும் வேகம். வி2: ஒரு இன்ஜின் நின்றாலும் பத்திரமாக ஏறும் வேகம்.

இன்னொரு எண்ணும் வரும், எனக்குப் பிடித்தது அதுதான். பாதை நீளமாக, எடை குறைவாக இருந்தால் முழு சக்தி தேவையில்லை. அதனால் இன்ஜினிடம் ஒரு பொய் சொல்வார்கள். வெளியே 30 டிகிரி இருக்கும்போது, 55 டிகிரி என்று வைத்துக்கொள் என்பார்கள். சூட்டில் இன்ஜின் குறைவாகத்தான் உந்தும் என்பதால், அதுவும் அந்த அளவுக்கே உந்தும். தேய்மானம் குறையும். அந்தப் பொய் எத்தனை டிகிரி வரை போகலாம் என்பதை டேப்லெட் சொல்லும். காகித அட்டவணைக் காலத்தில் இவ்வளவு நுணுக்கமாக, அந்தந்தப் பாதைக்கும் காற்றுக்கும் ஏற்ப இறக்க முடியாது.

ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டால்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

2009 மார்ச் 20, மெல்போர்ன். துபாய்க்குக் கிளம்பிய எமிரேட்ஸ் ஏ340-500. உள்ளே 275 பேர். எடை 362.9 டன். கணக்குப் போடும் கருவியில் தட்டியது 262.9. ஒரே ஒரு இலக்கம், மூன்றுக்குப் பதில் இரண்டு. கருவி என்ன செய்யும்? நூறு டன் குறைவான விமானத்துக்கான வேகத்தையும், குறைவான இன்ஜின் சக்தியையும் அழகாகக் கணக்கிட்டுக் கொடுத்தது. கருவியின் கணக்கில் தப்பே இல்லை. மூக்கைத் தூக்கினார்கள், விமானம் எழவில்லை, வால் தரையில் உரசியது. கேப்டன் முழு சக்தி கொடுத்தார். ஓடுபாதை முடிந்து புல்லையும் தாண்டி, விளக்கையும் ஆன்டெனாவையும் இடித்துக்கொண்டு ஒருவழியாக மேலே போனது. எரிபொருளைக் கடல் மேல் கொட்டிவிட்டுத் திரும்பி இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

2004 அக்டோபர் 14-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. எம்கே ஏர்லைன்ஸின் சரக்கு 747. முந்தைய ஊரில் எடை சுமார் 240 டன். ஹாலிஃபாக்ஸில் சரக்கும் எரிபொருளும் ஏற்றியபின் 353 டன். லேப்டாப்பில் முந்தைய ஊரின் எடையே கணக்குக்குப் போயிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. பாதைக்கு அப்பால் இருந்த மண்மேட்டில் வால் இடித்து உடைந்தது. ஏழு பேரும் இறந்தார்கள்.

காகித அட்டவணையில் இந்தத் தப்பு நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அட்டவணையில் விரலை வைத்து வரிசை வரிசையாக நகரும்போது, 260 எங்கே இருக்கிறது, 360 எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இன்றைக்கு நம்ம வண்டி கனம் என்பது கைக்கும் தெரியும். திரை நேராக விடையைக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் இப்போது இரண்டு விமானிகளும் ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல் தனித்தனியே கணக்குப் போட்டு, பிறகு சத்தமாக வாசித்து ஒப்பிடுகிறார்கள். கேப்டன் போட்டதைத் துணை விமானி எட்டிப் பார்த்து "ஓகே சார்" என்றால் அது ஒப்பீடு இல்லை. இந்த ஒரு பழக்கத்தை விட்டுவிடுவதாக இருந்தால், பழைய பெட்டியையே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எண்ணைச் சரியாகக் கொடுத்தும் கருவி ஏமாற்றுமா?

ஏமாற்றாது, ஆனால் தான் என்ன நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டது என்பதைச் சொல்லாமல் விடும். 2005 டிசம்பர் 8, சிகாகோவின் மிட்வே விமான நிலையம், பனி. சவுத்வெஸ்ட் 737-700 இறங்குகிறது. பாதையின் நிலை மோசம் என்று வைத்துக்கொண்டாலும் கொஞ்சம் பாதை மிச்சம் இருக்கும் என்றது கருவி. இன்ஜின் உந்துதலை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் உதவியைக் கணக்கில் சேர்க்காமலேயே அவ்வளவு மிச்சம் என்று விமானிகள் நினைத்திருந்தார்கள். கருவியோ அந்த உதவியையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தது. பின்காற்று 8 நாட் என்று கொடுத்திருந்தும், நிறுவன வரம்பான 5 நாட்டை வைத்தே கணக்குப் போட்டிருந்தது. ரிவர்ஸை இயக்கத் தாமதமானதுதான் முதன்மைக் காரணம் என்றது விசாரணை. கருவி தன் அனுமானங்களைக் காட்டிய விதமும் குற்றப்பட்டியலில் இடம்பெற்றது. விமானம் வேலியை உடைத்துச் சாலைக்குப் போனது. காரில் இருந்த ஆறு வயதுப் பையன் இறந்தான்.

ஆப் கிராஷ் ஆனால் விமானம் கிராஷ் ஆகுமா?

ஆகாது. கிளம்பாது, அவ்வளவுதான். 2015 ஏப்ரல் 28 மாலை அமெரிக்கன் ஏர்லைன்ஸில் அப்படி நடந்தது. வாஷிங்டனின் ரீகன் விமான நிலைய வரைபடம் ஒன்று தரவுத்தளத்தில் இரண்டு முறை ஏறிவிட்டது. அதைப் பார்த்துக் குழம்பிய ஆப், பல 737 விமானிகளின் ஐபேடில் மூடிக்கொண்டது. கிளம்பத் தயாரான சில விமானங்கள் வைஃபை பிடிப்பதற்காக கேட்டுக்குத் திரும்பின. ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது. நம் வீட்டில் செய்கிற அதே வைத்தியம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு கருவி இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும் என்பது, ஒன்று கீழே விழுந்து உடைவதற்குப் பொருந்தும். இரண்டிலும் ஒரே ஆப், ஒரே தரவு என்றால் இரண்டும் சேர்ந்தேதான் போகும்.

சூடானால்?

ஐபேட் 35 டிகிரி வரைதான் இயங்கும் என்று ஆப்பிளே சொல்கிறது. வெயிலில் நிற்கும் காக்பிட்டின் கண்ணாடி ஓரத்தில் மாட்டி வைத்தால் வெப்பமானி படத்தைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். நிழலில் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் எழுந்துவிடும். பேட்டரி உப்பினாலோ புகைந்தாலோ அது வேறு கதை. லித்தியம் பேட்டரித் தீயை அணைத்துக் குளிரவைக்கும் முறையைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். தூக்கிப் போட்டு மூடிவைக்கத் தீ தாங்கும் பையும் பல விமானங்களில் உண்டு.

கையிலிருந்து நழுவினால்?

சிரிப்பாகத் தெரியும் கேள்வி. 2022 ஜூலை 21-ல் அமெரிக்காவின் ஐடஹோவில் காட்டுத்தீ அணைக்கப் போன சினூக் ஹெலிகாப்டர் விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். மாட்டி வைக்காத ஐபேட் கீழே விழுந்து கால் பெடலில் சிக்கியிருக்கிறது. மாட்டும் கிளிப்பைப் பற்றி நிறுவனங்கள் நச்சரிப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

விமானம் எங்கே இருக்கிறது என்று கூகுள் மேப் மாதிரி அதில் தெரியுமா?

தெரியும், வரைபடத்தின் மேல் சின்ன விமானம் நகரும். தரையில், அதுவும் தெரியாத ஊரில், ராத்திரியில் டாக்ஸிவே தேடும்போது அது பெரிய உதவி. ஆனால் அதை நம்பி வழி பிடிக்கக் கூடாது. அந்த வேலைக்கு விமானத்தின் சொந்தத் திரைகள் இருக்கின்றன. போர் நடக்கும் பகுதிகளின் அருகே ஜிபிஎஸ்ஸைக் குழப்புவது இப்போது சகஜம். டேப்லெட்டின் குட்டி விமானமும் அதில் ஏமாறும்.

டேப்லெட்டை ஹேக் செய்தால் விமானத்தை ஓட்டலாமா?

கையில் எடுத்துப் போகும் டேப்லெட்டிலிருந்து விமானத்தை ஓட்ட முடியாது. அது புத்தகம், கால்குலேட்டர். அதில் வந்த எண்ணை விமானி தன் கையால் விமானத்தின் கணினியில் இடுகிறார். சில புது அமைப்புகளில் அனுப்பலாம், அங்கும் விமானி பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சும்மா இருக்கும்போது படம் பார்ப்பார்களா?

கூடாது. 2009 அக்டோபர் 21-ல் நார்த்வெஸ்ட் விமானம் ஒன்று மினியாபொலிஸைத் தாண்டிச் சுமார் 150 மைல் போய்விட்டது. இரண்டு விமானிகளும் சொந்த லேப்டாப்பில் பணி அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அமெரிக்காவில் காக்பிட்டில் சொந்த வேலைக்கு மின்கருவி பயன்படுத்துவதற்கே தடை வந்தது.

எல்லாம் திரையில் வந்துவிட்டதால் படிப்பது சுலபமாகிவிட்டதா?

இங்கே எனக்கு ஒரு புகார் உண்டு. காகிதத்தில் இருந்ததை அப்படியே படமாக்கித் திரையில் போட்டால் அது சுமையை மட்டும்தான் குறைக்கும், படிக்கிற பாட்டைக் குறைக்காது. 2017 ஜூலை 7 இரவு சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா ஏ320 ஒன்று, ஓடுபாதை என்று நினைத்து டாக்ஸிவேயை நோக்கி இறங்கியது. அங்கே நான்கு விமானங்கள் வரிசையில் நின்றன. சுமார் 60 அடி உயரம் வரை வந்துவிட்டுத் திரும்ப எழும்பியது. பக்கத்து ஓடுபாதை மூடியிருந்ததுதான் குழப்பத்துக்கு வழி. அந்த அறிவிப்பு அவர்களுக்குத் தரப்பட்டதா? தரப்பட்டது. 27 பக்கக் கட்டில் எட்டாம் பக்கத்தில்.

இந்தியாவில் எப்படி?

இங்கும் டேப்லெட்தான். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவிடம் அனுமதி வாங்கி, பயிற்சி கொடுத்துத்தான் நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அடிப்படை விதிகள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் காக்பிட்டில் இப்போது காகிதமே இல்லையா?

இருக்கிறது. அவசரத்தில் புரட்டும் கையேட்டைப் பல நிறுவனங்கள் இன்னும் அச்சில் வைத்திருக்கின்றன. விமானத்திலேயே ஒரு குட்டி பிரின்டர் இருக்கும், பஸ் டிக்கெட் மாதிரி வெப்பத்தாளில் வானிலை அடிக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதைக் குறித்துக்கொள்ளப் பேனாவும் துண்டுத்தாளும் வேண்டும்.

ஆனால் காகிதத்தால் முடியாத இடமும் உண்டு. 2010 நவம்பர் 4-ல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸ் ஏ380-ன் ஒரு இன்ஜின் வெடித்தது. இறக்கை கிழிந்து, இறங்கும் எடை வரம்புக்குச் சுமார் 50 டன் அதிகம், பிரேக் முழுசாக இல்லை. எந்த அட்டவணையிலும் இத்தனை கோளாறுக்கும் சேர்த்து ஒரு வரி கிடையாது. விமானிகள் எல்லாவற்றையும் கருவியில் இட்டார்கள். முதலில் விடையே வரவில்லை. பிறகு ஓடுபாதை ஈரமில்லை என்று மாற்றிக் கொடுத்ததும் வந்தது: இறங்கலாம், 100 மீட்டர் மிச்சம் இருக்கும். சாங்கியில் இறங்கினார்கள். 469 பேரும் பத்திரமாக வெளியே வந்தார்கள்.

பழைய பைண்டர்கள் என்ன ஆயின?

தாள்கள் எடைக்குப் போயின. தோல் அட்டை பைண்டர் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன், வீட்டில் கரன்ட் பில்லும் வரி ரசீதும் போட்டு வைக்கலாம் என்று. நம் ஊர்த் தாளில் பஞ்ச் அடித்தால் இரண்டு ஓட்டை, இதில் ஏழு வளையம். எது எதோடும் பொருந்தவில்லை. ரசீதுகளை நடுவில் செருகி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம்.